வால்யோ தீவின் களிமண் பெண்

வால்யோ தீவு
9 அக்டோபர் 1953

அன்புள்ள குன்வோர்,

நீ பின்னி அனுப்பிய காலுறைகள் வந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. என் கால்களும் அப்படித்தான் என்று நினைத்தாயா?

துறைமுகத்துக்காரர்கள் கேட்டது கடலைப் பார்த்துக் காத்திருக்கும் மீனவன் மனைவியின் சிலையை. ஆளுயரத்துக்குக் களிமண்ணில் செய்கிறேன். நேற்று படகுக்காரர் ஹில்டிங் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, புருஷனுக்காகக் காத்திருக்கிற பொம்பளையைக் கேட்டா, கல்யாணமே ஆகாத பொண்ணைச் செஞ்சு வச்சிருக்கே!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது நம் ரூனா. கடல்மேல் உறைந்திருந்த பனி உடைந்து உள்ளே போன ஏழு வயது ரூனா அல்ல, இருந்திருந்தால் இன்று இருக்கும் பத்தொன்பது வயதில். அந்த முகம் என் கைக்கு எப்படித் தெரிந்தது?

களிமண் காயாமலிருக்க ஈரத்துணி சுற்றி வைப்பேன். ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பினேன். காய்ந்திருக்க வேண்டிய துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் உப்பு.

உன் சிக்ஸ்டன்


கோத்தன்பர்க்
16 அக்டோபர்

சிக்ஸ்டன்,

எனக்குப் பயமாக இருக்கிறது. தனியாகக் கிடந்தால் புத்தி இப்படித்தான் போகும். கோடை முழுக்க அவளையே வரைந்தாயே, அந்த ஓவியங்கள் போதாதா உனக்கு?

சீக்கிரம் பிளாஸ்டரில் அச்சு எடு. உள்ளே இருக்கும் களிமண்ணைச் சுரண்டி எறி. கையோடு வீட்டுக்குக் கிளம்பி வா. பன்னிரண்டு வருடங்களாக இதே பாட்டைத்தான் பாடுகிறேன். எனக்கும்தானே மகள் போனாள்? நீயும் ஏன் போகவேண்டும்?

குன்வோர்


வால்யோ தீவு
2 நவம்பர்

குன்வோர்,

நீ சொன்னபடி அச்சு எடுத்தேன். இன்று காலை பிளந்து பார்த்தால் உள்ளே ஒரு பிடி களிமண் இல்லை. தாங்கி நின்ற இரும்புக் கம்பி மட்டும் நிற்கிறது. கதவு வரைக்கும் தரையெல்லாம் ஈரம்.

ஹில்டிங்கைக் கேட்டேன். "காலைப் படகுல வெறுங்காலோட ஒரு பொண்ணு ஏறுச்சே, உன் சொந்தமா? மூக்கு அப்படியே உன் மூக்கு" என்றார்.

இனி இங்கே இருக்க முடியாது. சனிக்கிழமை உன்னிடம் வந்துவிடுகிறேன்.

சிக்ஸ்டன்


கோத்தன்பர்க்
4 நவம்பர்

அன்புள்ள சிக்ஸ்டன்,

அவள் தூங்குகிறாள். அதனால் சத்தமில்லாமல் எழுதுகிறேன்.

முந்தாநாள் மாலை கதவைத் தட்டினாள். உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். காப்பி கொடுத்தேன். "அடுப்பை அணைச்சிடும்மா, சூடு பட்டா எனக்குத் தோல் வெடிக்குது" என்றாள். அணைத்துவிட்டேன். வீடு முழுக்கக் குளிர். எனக்கு அது தெரியவே இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்.

நீ வந்தால் உன் கை சும்மா இருக்காது. கன்னத்தைக் கொஞ்சம் சரிசெய்கிறேன், கழுத்தை நிமிர்த்துகிறேன் என்பாய். உன்னை எனக்குத் தெரியும். இவளை இனி யாரும் தொட விடமாட்டேன்.

வா வா என்று இத்தனை வருடம் கூப்பிட்டவள்தான் சொல்கிறேன், வராதே. சனிக்கிழமை நீ தட்டினால், நாங்கள் இருவரும் மூச்சுக்கூட விடாமல் உள்ளே உட்கார்ந்திருப்போம்.

குன்வோர்