குற்றாலலிங்கம் அண்ணாச்சி ஜனாதிபதிக்கு நின்ற பதினான்கு நாள்

ஜூலை 4, திங்கள்

காற்றென்றால் அப்படி ஒரு காற்று. என் இன்ஸ்டிடியூட்டில் காலை ஆறு மணி பேட்ச் டைப் அடித்த தாள்களில் பாதி ஜன்னல் வழியாக வடக்கு ரத வீதிக்குப் போய்விட்டன. கீழே பாத்திரக்கடைக்காரர் பொறுக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அதில் ஒன்று நம் நோட்டீஸ். படித்தும் விட்டார்.

"டீச்சர், இது நெசமா? நம்ம போஸ்ட்மாஸ்டரா நிக்காரு?"

நிஜம்தான். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி இந்திய ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்கிறார். சுயேச்சை. நோட்டீஸ் வாசகம் அவருடையது. டைப்பும் தலைப்புக்குக் கீழே நட்சத்திரக் கோடும் என்னுடையவை:

1. சைக்கிளுக்கு வரி வில்லை வேண்டாம்.
2. ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டாம்.
3. பஸ்ஸில் போகும் அரிசியைத் தடவிப் பார்க்க வேண்டாம்.
4. சிமெண்டுக்கு பெர்மிட் வேண்டாம்.
5. நான் ஜெயித்தால் என்னால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் வராது.

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது. எந்தக் கட்சிக்காரன் இப்படி எழுதிக் கொடுப்பான்?

நாலாவதுதான் வீட்டில் வில்லங்கம். இவர், என் வீட்டுக்காரர், தாலுகா ஆபீஸில் சிமெண்ட் பெர்மிட் எழுதுகிற சீட். நோட்டீஸைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார். மடித்தார். "ரசம் ஊத்து" என்றார்.

நாளைக்கு: ஸ்டென்சில் தாள். கார்பன். நீளநோட்டு ஒன்று, கோடு போட்டது. வெந்தயம்.

ஜூலை 5, செவ்வாய்

கையெழுத்து வேட்டை ஆரம்பம். முத்தையா சைக்கிள் கடைதான் தேர்தல் ஆபீஸ். முத்தையா பேப்பரில் படித்திருக்கிறார், ஜனாதிபதிக்கு நிற்பவரை யாராவது முன்மொழிய வேண்டுமாம். "எவ்வளவு பேரு மொழியுதாங்களோ அவ்வளவு பலம், டீச்சர். ஊரே மொழியட்டும்." எனக்கும் நியாயமாகப் பட்டது. நோட்டில் பத்தி பிரித்துக் கொடுத்தேன்: எண், பெயர், த/பெ அல்லது க/பெ, தெரு, கையெழுத்து.

எண் 1 முத்தையா. எண் 2 நான்.

மாலை காய்கறிச் சந்தையில் பெண்களிடம் போனேன். க/பெ பத்தியில்தான் வண்டி நின்றது. புருஷன் பெயரை எவள் சொல்லுவாள்? கத்தரிக்காய் விற்கிறவள் வேல் பிடிப்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டினாள். முருகனா, வேலனா, ஆறுமுகமா? மூன்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டிச் சிரிக்கிறாள். கடைசியில் பக்கத்துக் கடைக்காரி சொன்னாள், சுப்பையா. ஒரு பக்கம் நிரப்ப ஒரு மணி நேரம். வயிறு வலிக்கச் சிரிப்பு.

"இதுல என்ன வெக்கம்? பேருதான, சொல்லுங்க" என்று பெரிய மனுஷி மாதிரி அதட்டினேன். முத்தையா நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பிக் காட்டினார். "டீச்சர், ரெண்டாம் நம்பர்ல க/பெ காலியா இருக்கே?"

இருக்கும். என் பாடு இன்னும் மோசம். இவர் பெயரும் கோவில் சாமி பெயரும் ஒன்று. ஊர்ப் பெயரிலேயே பாதி இவர்தான். பதினேழு வருஷமாக பஸ்ஸில் "நம்ம ஊருக்கு ஒரு டிக்கெட்" என்றுதான் கேட்கிறேன். சாமியைக் கோமதியம்மா வீட்டுக்காரர் என்பேன். டைப் அடிக்கலாம், வாயால்தான் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சட்டம். அந்தப் பத்தியையும் யாரும் பார்க்காதபோது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டது.

58 கையெழுத்து.

ஜூலை 7, வியாழன்

காற்று குறையவில்லை. கண்ணெல்லாம் மண். குற்றாலத்தில் சீசனாம். இங்கே ஒரு தூறல் கிடையாது.

அண்ணாச்சி மாடிக்கு வந்தார். இனி கு.அ. ஆறடி உயரம், கதர்ச் சட்டை, காதில் கொஞ்சம் மந்தம். அதுவும் அவருக்கு வேண்டியபோதுதான் மந்தம். ஸ்டூலில் உட்கார்ந்து அவர் பேச, ஏழு மணி பேட்ச் முழுக்க அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"முப்பது வருசம் ரேடியோ லைசென்ஸ் புஸ்தகத்துல முத்திர குத்துனேன். ஒருத்தன் அவன் வீட்டுல, அவன் ரேடியோவுல பாட்டு கேக்கான். அதுக்கு நான் எதுக்கு அனுமதி குடுக்கணும்? ஒரு நாளு குத்துத கையே நின்னு போச்சு."

"ஜெயிச்சா என்ன அண்ணாச்சி செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யமாட்டேன். அதுக்குத்தான நிக்கேன். அங்கன முன்னூறு ரூமாம். எனக்கு ஒண்ணு போதும். மிச்சத்தப் பூட்டிச் சாவியக் குடுத்துருவேன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். போகும்போது என்னிடம் மட்டும்: "உம் மாப்பிள்ள கையெழுத்து போட்டா, மக்கா, அது நூறு கையெழுத்துக்குச் சமம். பெர்மிட் எழுதுத கையே வேண்டாங்கு, பாத்தியா?"

அதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நோட்டு டெல்லிக்குப் போகுமுன் இவர் கையெழுத்து அதில் இருக்க வேண்டும். ஊரெல்லாம் வாங்கிவிட்டு வீட்டில் வாங்க முடியவில்லை என்றால் நான் என்ன பிரசாரம் செய்தேன்?

மாலை இவரிடம் கேட்டேன். "ஆகஸ்டுல துணை தாசில்தார் லிஸ்ட் வருது. எட்டு வருசமா நிக்கேன். இந்த நேரத்துல தேர்தல் நோட்டுல கையெழுத்து போட்டா மெமோதான்." அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் நானும் உயர்த்தலாம்.

ஜூலை 9, சனி

321.

ஒட்டுக் கேட்டவை, சைக்கிள் கடை வாசல்:

"ஏலே, ஜனாதிபதிக்கு நமக்கு ஓட்டு இருக்கா?" "இருக்காதுபோல. ஓட்டு இல்லன்னா என்ன, ஆதரவு இருக்குல்லா."

"எம் மகளுக்குப் பிள்ளப்பேறுக்கு ரெண்டு படி அரிசி கொண்டு போனேன். ராஜபாளையம் பஸ்ஸ நிறுத்தி, அரிசி ஜில்லா தாண்டக்கூடாதுன்னு எறக்கிட்டானுவ. எங்கன போடணும் கையெழுத்து?"

"போஸ்ட்மாஸ்டரு டெல்லி போயிட்டா சீட்டாட்டத்துக்கு நாலாவது ஆளுக்கு எங்க போவ?"

முத்தையா ஒரு தட்டி எழுதி வைத்திருக்கிறார்: சும்மா இருக்கத் தெரிந்தவருக்கே உங்கள் ஆதரவு. கு.அ. அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். வில்லை இல்லாத சைக்கிள் ஒன்றும் படத்தில் விழுந்தது. முத்தையா பதறி, படம் வந்ததும் அதை மறைக்கக் கறுப்பு மை தேடுகிறார்.

எனக்கு எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து? விரல்கள் டைப் அடிக்க, வாய் சிரிக்க, வீடு வந்து அரிசி களைகிறபோதும் சிரிப்பு. இவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 11, திங்கள்

தாசில்தார் இவரைக் கூப்பிட்டுக் கேட்டாராம். கோபமாக இல்லை. "உங்க வீட்டுக்காரம்மா அரசியல்ல எறங்கிட்டாங்களாமே?" இவர் "அவ டைப் இன்ஸ்டிடியூட் நடத்துதா சார், யாரு வந்தாலும் அடிச்சுக் குடுப்பா" என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. எட்டு வருஷம்.

கோபத்துக்கு இன்னொரு காரணம் அடுக்களைச் சுவர். இரண்டு வருஷமாகப் பூசாமல் செங்கல் தெரிய நிற்கிறது. நான்கு மூட்டை சிமெண்ட் போதும். மனு போட்டிருக்கிறோம். அது இவர் ரிஜிஸ்டரிலேயே வரிசையில் இருக்கிறது. முந்திக்கொண்டு தனக்கே பெர்மிட் எழுதிக்கொள்ள மாட்டார். "நமக்கு முன்னால அறுபது பேரு இருக்காங்க, ஏட்டி." இந்த மனுஷனை மெச்சுவதா, மண்டையில் கொட்டுவதா? மிளகாய் அரைக்கும்போதெல்லாம் அந்தச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டுதான் அரைக்கிறேன். கு.அ. ஜெயித்தால் கடையில் போய் "நாலு மூட்டை குடு" என்று கேட்கலாம். அவ்வளவு சின்ன ஆசை.

544. தோசைக்கு அரைத்தது புளிக்கவில்லை.

ஜூலை 13, புதன்

குட்டு உடைந்தது.

வேட்புமனுவோடு நோட்டை எப்படிச் சேர்ப்பது என்று கேட்க முத்தையா திருநெல்வேலி வக்கீல் ஒருவரிடம் போயிருந்தார். மூன்று மணி பஸ்ஸில் திரும்பினார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"டீச்சர், ஊரு மொழிஞ்சா செல்லாதாம். எம்.எல்.ஏ., இல்லன்னா எம்.பி. தான் மொழியணுமாம். பத்து பேரு மொழிய, பத்து பேரு வழிமொழிய. வக்கீலு நோட்ட பொரட்டிப் பாத்துட்டு எந்திரிச்சுத் தண்ணி குடிச்சாரு."

612 கையெழுத்து. அதில் பத்து என்ன, ஒன்றுகூடச் செல்லாது. திங்கள்கிழமை மனுவுக்குக் கடைசி நாள். இருபது எம்.எல்.ஏ.க்கு எங்கே போக? எங்கள் தொகுதிக்காரரிடமே முத்தையா போனார். காபி கொடுத்து, போஸ்ட்மாஸ்டரைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லி, கட்சி காட்டிய இடத்தில் ஏற்கனவே போட்டாயிற்று என்று கையை விரித்துவிட்டார்.

கு.அ.விடம் யார் சொல்வது என்று நானும் முத்தையாவும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளினோம். கடைசியில் நான்தான் சொன்னேன். அன்றைக்குக் காது நன்றாகக் கேட்டது அவருக்கு. கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வருமட்டும்.

"பாத்தியா மக்கா. ஒண்ணும் செய்யாம இருக்கதுக்குக்கூட இருபது பேருகிட்ட பெர்மிட் வாங்கணும்!"

அழலாம் என்று போனவள் நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 14, வியாழன்

கு.அ. முடிவு: வேட்பாளர் போனால் போகட்டும், நோட்டு போகும். ஜெயிக்கிற ஜனாதிபதி யாரோ அவருக்கு, முதல் நாலு அம்சத்தோடு, 612 பேர் மனுவாக. ரிஜிஸ்டர் தபால், ஒப்புகை அட்டையோடு. "போஸ்டாபீஸ் வேல எனக்குத் தெரியும். கையெழுத்து போடாம வாங்க முடியாது. அவங்க கையெழுத்தும் ஒண்ணு நமக்கு வரும்லா."

நான் நல்ல தாளில் மூன்று பிரதி அடிக்க வேண்டும். திங்கள் காலை தபால்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது விதியைப் பற்றிச் சொன்னேன். இவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே, "தெரியும். பேப்பர்ல சட்டமே போட்டுருந்தானே" என்றார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"நீ நோட்டு வாங்குன அன்னைக்கே."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. மனு வராம நான் எதுக்கும் பதில் எழுதி பழக்கமில்ல." அப்புறம், தட்டைப் பார்த்துக்கொண்டு: "அரிசி களையும்போது தனியாச் சிரிச்சுக்கிட்டு இருந்த. எனக்குச் சொல்லத் தோணல."

நானும் ஒன்று சொன்னேன். "நீங்க கையெழுத்து போட வேண்டாம். லிஸ்ட் வரட்டும்." மனதாரத்தான் சொன்னேன். சொன்ன பிறகு நெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதுவும் உண்மை.

ஜூலை 16, சனி

நாள் முழுக்க டைப். ரிப்பன் ஒன்று தேய்ந்தே போயிற்று. முப்பத்தெட்டு மாரியப்பன், பத்தொன்பது கோமதி. கைநாட்டு வைத்தவர்களுக்கெல்லாம் அடைப்புக்குறியில் (இ.பெ.வி.ரே.) என்று அடிக்க வேண்டும், இடது பெருவிரல் ரேகை. பாவாடைக்காரத் தெருக்காரி ஒருத்தி மூன்று தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மூன்றையும் விட்டுவைத்தேன். அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் இருந்திருக்கிறது.

க/பெ எண் 2: பிறகு.

நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். தோள்பட்டை வலி. தைலம்.

ஜூலை 17, ஞாயிறு

ஆடி பிறந்தது. தேங்காய்ப்பால் பாயசம். இந்த வாரம் கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேற்றம், வீதியில் பந்தல்கால் நடுகிற சத்தம்.

பத்து மணிக்குச் சரிபார்ப்பு. இன்ஸ்டிடியூட் முறைதான்: ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் அடித்த தாளில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். நான் நோட்டை வாசிக்க, கு.அ. கண்ணாடி போட்டுத் தாளைப் பார்த்தார். முத்தையா கார்பன் பிரதி.

எண் 2 வந்தது. க/பெ காலி. "மேல போ" என்று கு.அ. நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். போனேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் வாசித்துத் தொண்டை வறண்டது. நோட்டை மூடப் போனேன். அடுத்த பக்கத்தில் ஏதோ மை தெரிந்தது. திருப்பினேன்.

இவர் கையெழுத்து. பெயர், தெரு, எல்லாம் பத்திக்குள் ஒழுங்காக. ஓரத்தில் ஆபீஸ் ஃபைலில் எழுதுகிற அதே சாய்ந்த எழுத்து, சுருக்கொப்பம், நேற்றைய தேதி:

"மனு பரிசீலிக்கப்பட்டது. நான்கு அம்சங்களிலும் இந்த இருக்கைக்கு ஆட்சேபணை இல்லை. அனுமதிக்கலாம்."

பெர்மிட் வேண்டாம் என்கிற மனுவுக்கும் பெர்மிட் எழுதி வைத்திருக்கிறார் என் மனுஷன்! சிரித்தேன். உடனே கண் நிறைந்துவிட்டது. எட்டு வருஷம், ஆகஸ்டு லிஸ்ட், எல்லாம் தெரிந்துதானே போட்டிருக்கிறார். போட வேண்டாம் என்று நான் சொன்ன பிறகு போட்டிருக்கிறார்.

"என்ன டீச்சர், இன்னும் ஆளு இருக்கா?" முத்தையா பென்சிலோடு காத்திருந்தார். நோட்டை அவரிடமே நீட்டியிருக்கலாம், அவர் படித்திருப்பார். நீட்டவில்லை.

"அறுநூற்றுப் பதிமூன்று" என்றேன். "சங்கரநாராயணன்."

முத்தையா வாயைப் பிளந்தார். கு.அ. காதருகே கையைக் குவித்தார்.

"கேக்கல மக்கா. இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.