செத்துவிட்டதாக எழுதச் சொன்னார்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, சோஹாகிலிருந்து இனாஸின் ஸலாம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

எங்கள் கணக்கெடுப்பு உங்களுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு ஒருமுறை அதே குடும்பங்களிடம் போய் வருமானம், வாழ்க்கை எல்லாம் விசாரித்து, நம் எகிப்தை மற்ற நாடுகளோடு ஒப்பிடுவார்கள். பிரிந்து போனவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

நேற்று ஒரு வீட்டில், போன கணக்கெடுப்பில் இருந்த மகளைக் காணோம். பெயரை உங்களிடம்கூடச் சொல்லக்கூடாது. விவாகரத்தாகித் தனியே போய்விட்டாளாம். அண்ணன்காரன் குதித்தான்: "அவ செத்துட்டா! அப்படியே எழுதிக்க!"

"சரிண்ணே, இறப்புச் சான்றிதழ் குடுங்க. இல்லாட்டி விலாசம் குடுங்க."

கதவு என் மூக்கை உரசிச் சாத்திக்கொண்டது. அவன் மனைவிதான் பின்பக்கமாக ஓடிவந்து விலாசம் சொன்னாள்.

அங்கே போனேன். அந்த மகள் ஒரு மொட்டைமாடி அறையில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்றேன்.

"ஒருத்தி. குடும்பத் தலைவியும் நான்தான். கொட்டை எழுத்துல போடு!"

போட்டேன்.

இங்கே குளிர். என் பழுப்புச் சால்வையும், அம்மா காயவைத்த முலுகியா கீரையும் அனுப்புங்கள். கிளம்பச் சொல்லி எங்கள் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

நான் வேலைக்குக் கிளம்பிய அன்று ஹம்தி அண்ணனும் என்னைச் செத்தவள் என்றுதான் சொன்னான். நம் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தால், அவன் வாயைத் திறப்பதற்குள் என் பெயரைச் சொல்லிவிடுங்கள், அப்பா.

இனாஸ்