தேனைப் போல் பங்கு வைத்த மாத்திரை

ஜவ்வாது மலை
12-3-1983

அன்பு மகன் காசிக்கு அம்மா எழுதுவது. நாக்பூரில் நீ சுகமாக இருக்க தினமும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் ஆடு மாடுகளும் சுகம். உன் அப்பாவும் இப்போது சுகம்தான், அதனால் இந்தக் கடிதத்தைப் பயப்படாமல் கடைசி வரை படி, பாதியில் நிறுத்திவிட்டு ரயில் ஏறிவிடாதே.

புளி உலுக்கப் போன இடத்தில் அவர் காலில் முள் ஏறிப் புண்ணானது, ஆறவே இல்லை. திருப்பத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது, அதனால்தான் ஆறவில்லை என்று பை நிறைய மாத்திரை கொடுத்தார். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, வீட்டுக்கு வந்ததும் இலையை விரித்து, தேன் எடுத்து வந்தால் பங்காளி வீடுகளுக்கெல்லாம் பங்கு வைப்போமே, அதைப் போல அத்தனை மாத்திரையையும் பங்கு வைத்துவிட்டார். மூத்தவர் என்று உன் பெரியப்பா மாதையனுக்குச் சிவப்பு மாத்திரை கூடுதலாகப் போனது. உன் சித்தி தன் பங்கு குறைச்சல் என்று என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நல்ல பொருளைத் தனியாகத் தின்றால் உடம்பில் ஒட்டாது என்று உன் அப்பா எனக்கு வேறு புத்தி சொன்னார். நானும் என் பங்கை வாங்கி விழுங்கிவிட்டு, கசப்பு போக வெல்லம் தின்றேன்.

புண் கறுத்துப் போனது. அப்போதுதான் பக்கத்து ஊர் மங்கம்மாளைக் கூப்பிட்டோம். அவள் நர்சும் இல்லை, நமக்குச் சொந்தமும் இல்லை. முன்பு தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் என்ன சொன்னார்கள் என்றே புரியாமல் தவித்தவள், அதிலிருந்து மலையில் யார் வைத்தியத்துக்கு இறங்கினாலும் கூடவே போகிறாள். முதல் நாளே வந்து உட்கார்ந்து என் வாயைக் கிளறி எல்லாம் கேட்டுக்கொண்டாள். மறுநாள் எங்களோடு திருப்பத்தூருக்கு வந்தாள். டாக்டருக்கு அவளைக் கண்டதும் எரிச்சல், நடுவில் நீ யாரம்மா என்றார். அவள் அசையவில்லை, “நீங்க சொல்றத இவருக்குப் புரிய வைப்பேங்க, இவரு சொல்லாதத உங்களுக்குச் சொல்வேங்க, அவ்ளோதான் என் வேலை” என்றாள்.

டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, மருந்துக்குக் கேட்கவில்லை, பாதத்தை எடுக்க வேண்டும், வேலூருக்கு எழுதித் தருகிறேன் என்றார். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு சரிங்க என்றாரே பார்க்கலாம். டாக்டருக்கு மறுபேச்சு பேசுவது மரியாதை இல்லையாம். மங்கம்மாள்தான், “எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்குங்க ஐயா. நீங்க குடுத்த மாத்திரை ஏழு வூட்டுக்குப் போச்சு. இவரு தின்னது ஒரு பங்குதான்” என்றாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு உன் அப்பாவையே பார்த்தார். பிறகு கம்பவுண்டர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அப்படியானால் மருந்தின் மேல் குற்றமில்லை, இன்னொரு முறை பார்க்கலாம் என்று அங்கேயே படுக்க வைத்து ஊசி போட ஆரம்பித்தார். ஊசியைப் பங்கு வைக்க வழியில்லை அல்லவா. சுண்டுவிரல் மட்டும் தப்பவில்லை, அதை எடுத்தார்கள். எதை எடுப்பது எதை விடுவது என்பதில் மங்கம்மாள் வாய் திறக்கவில்லை, அது டாக்டர் வேலை என்றுவிட்டாள். இப்போது மலையிலிருந்து யார் போனாலும் மங்கம்மாள் வரவில்லையா என்று டாக்டரே கேட்கிறாராம்.

கட்டுப் பிரித்த அன்று, கால் நிலைக்குமா என்று நீயே கேளு என்று உன் அப்பா மங்கம்மாளை நச்சரித்தார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள், “உங்க காலு, நீங்களே கேளுங்க மாமா” என்றாள். வேர்த்து விறுவிறுத்து, தொண்டையைக் கனைத்து, கடைசியில் கேட்டேவிட்டார். நிலைக்கும், ஜாக்கிரதையாக நடங்கள் என்றார் டாக்டர். பாதத்தை எடுக்க வேண்டும் என்றபோது தலையாட்டிய மனிதர், இதைக் கேட்டதும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன் காசி.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். நம் குலசாமி உனக்குத் துணையிருக்கும், நூறு வயசு நன்றாக இரு. வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பொங்கலுக்கு வரும்வரை தள்ளிப்போடாமல் அப்பாவுக்கு மெத்தென்ற செருப்பு வாங்கி அனுப்பு. ஜோடியாகவே வாங்கு, இரண்டு காலும் இருக்கிறது.

இப்படிக்கு உன் அம்மா,
முத்தம்மா