மடியில் வராத கத்தரி

அன்பான மாப்பிள்ளை முருகேசா,

சிரிக்காமல் படி. பெங்களூர் விமான நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மஸ்கட் விமானம் தாமதம். போய்ப் போய்க் கேட்டதில் கவுண்டர் பெண்ணுக்கு என் முகமே பிடிக்காமல் போய்விட்டது.

கவலையெல்லாம் பெட்டி மேல்தான். ரப்பர் திரைக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது. என் கத்தரி நுனிகளுக்கு சைக்கிள் வால்வு டியூப் மாட்டினேன். முடி வெட்டும் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, துண்டில் சுற்றி, வேட்டிகளுக்கு நடுவே வைத்தேன். படிகாரம் தனி டப்பாவில். ஒருமுறை ஓசூர்க் கல்யாணத்துக்குப் படிகாரத்தையும் கத்தரியையும் ஒரே துணியில் சுருட்டி எடுத்து வந்தாயே, பிரித்தால் துரு! பழியை என் மேல் போட்டாய். இங்கே பெட்டியைத் தூக்கி எறிவார்களாமே? மெஷின் உடைந்தால் அங்கே எதை வைத்து வேலை செய்வேன்?

இருவரும் சேர்ந்து போவதாகத்தானே பேச்சு? ஜீவனஹள்ளி சலூனில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, மஸ்கட்டிலும் அப்படியே என்றாய். விசா வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். அவ்வளவு என்ன அவசரம்? உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். உன்னை இழந்த என் தங்கை செல்வியைத் தனியாக விட்டுப் போகிறேனே என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

கிளம்பும்போது அவளிடம் உன் கத்தரியைக் கேட்டேன். இடது கைக்காரன் கத்தரி என் கையில் முடியை மடக்குமே தவிர வெட்டாது. பீச்சாங்கை என்று உன்னைக் கேலி செய்தவனே நான்தான். ஆனாலும் நீயும் வந்ததாக இருக்கட்டும் என்று ஓர் ஆசை. அவள் உன் பழைய சட்டையில் சுற்றிக் கொடுத்தாள்.

அதைப் பெட்டியில் போட மனம் வரவில்லை. பஸ்ஸோ ஆட்டோவோ, கருவியைக் கால் படும் இடத்தில் நாம் வைத்ததுண்டா? ஆயுத பூஜையில் பொட்டு வைக்கிற பொருள், மடியில்தான் இருக்க வேண்டும் என்பாய். விமானத்திலும் மடியில் வைத்துக்கொள்வோம் என்று கைப்பையில் வைத்தேன். என் புத்தியைப் பார்!

சோதனையில் காக்கிச் சட்டைக்காரர் சட்டைத் துணியைப் பிரித்தார்.

“கத்ரி பிடல்லா ரீ” என்றார். விடமாட்டாராம். இதை வைத்து என்னால் ஒரு முடிகூட வெட்ட முடியாது என்று கன்னடத்திலேயே கெஞ்சினேன். அவர் அசையவில்லை. வெளியே யாரிடமாவது கொடு, இல்லாவிட்டால் அங்கே போடு என்று ஒரு தொட்டியைக் காட்டினார். அதில் நகவெட்டிகளும் பழம் நறுக்கும் கத்திகளும் கிடந்தன. உன்னை அதில் போடுவேனா?

வாசலுக்கு ஓடினேன். வழியனுப்ப வந்த செல்வி இன்னும் போகாமல் கம்பித் தடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தாள். காவலரிடம் சொல்லிவிட்டுத் துணிப் பொட்டலத்தைத் தடுப்புக்கு மேலாக நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

“என்னண்ணா, அவர வேணாம்னுட்டாங்களா?”

“அதெல்லாம் இல்லம்மா. உன்ன வுட்டுட்டு வரமாட்டேன்னு அவன்தான் அடம் புடிக்கிறான்” என்றேன்.

நீ போன பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

“சரி, இருக்கட்டும். எண்ணெ நான் போட்டு வெக்கிறேன். நீ பத்தரமா போய்ச் சேரு.”

படிகாரம் கிட்டே வைக்காதே என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டதோ என்னவோ. போய்ச் சேர்ந்ததும் போன் போட்டு முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது மடி காலியாக இருக்கிறது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மைக்கில் கூப்பிடுகிறார்கள், எழுந்திருக்க வேண்டும்.

என்னோடு உன்னை அழைத்துப் போகப் பார்த்தேன், நீ வரவில்லை. அதுவும் நல்லதுதான், செல்வி தனியாக இல்லை. லீவு வாங்கிக்கொண்டு ஆயுத பூஜைக்கு வருகிறேன். என் கத்தரிக்கு இடது பக்கத்தில் உன்னுடையதை வைத்து, முதல் பொட்டு உனக்குத்தான் வைப்பேன். இது சத்தியம்.

உன் பக்கத்து நாற்காலிக்காரன்,
உன் மச்சான் பழனி