தோளில் நின்ற கை

மார்ச் 4
இன்றும் அதே பாட்டு. கம்ப்யூட்டரில் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அடுக்கும் ஒவ்வொரு லேயருக்கும் பெயர் வைப்பது வெட்டி வேலையாம். "கஸ்டமர் படத்தைப் பாப்பானா, நீ வெச்ச பேரைப் பாப்பானா?" என்கிறார் ஸ்டூடியோ முதலாளி. அவர் ஃபைலைத் திறந்தால் 'லேயர் 1 காப்பி', 'காப்பி 2', 'காப்பி 2 காப்பி'. எது மூக்கு, எது சுவர் என்று அவருக்கே தெரியாது. வைப்பேன். வைத்துக்கொண்டே இருப்பேன்.

மார்ச் 6
ஒரு பழைய குடும்பப் படம். புது வீட்டில் பெரிதாக மாட்ட வேண்டுமாம். ஒவ்வொருவரையும் வெட்டித் தனித்தனிக் குரூப்பில் போட்டேன்: அப்பா, அம்மா, பெரியவள், சின்னவன். பெரியவள் பின்னால் நின்று அம்மாவின் தோளில் கை வைத்திருக்கிறாள். அந்த இடத்தில்தான் படம் கிழிந்திருந்தது. தோளோடு சேர்த்து ஒட்டவைத்ததால் கையும் 'அம்மா' குரூப்பிலேயே இருக்கிறது.

மார்ச் 9
அந்த அப்பா மனைவியோடு வந்தார். பெரியவளைப் படத்திலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாளாம். "அவ எங்களுக்கு இல்லம்மா." மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் முடியாது என்று முதலாளியிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்றார். போனா போகட்டும். எனக்கென்ன பயமா? — பயம்தான். ஆனாலும் செய்ய மாட்டேன்.

மார்ச் 10
லீவு. கோபத்துக்கு ஒரு நாள்.

மார்ச் 12
முதலாளியே செய்திருக்கிறார். என் ஃபைலைக் காப்பி எடுத்து, 'பெரியவள்' குரூப்பின் கண் குறியை அணைத்து மறைத்து, எல்லாவற்றையும் ஒரே லேயராக்கி, சரியாகக்கூடப் பார்க்காமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டார். கிண்டல் செய்த பெயரை அப்படியே நம்பியிருக்கிறார் மனுஷன். ஆள் மறைந்துவிட்டாள். கை மட்டும் அம்மாவின் தோளில் நிற்கிறது.

கையை வேண்டுமென்றே விட்டுவைத்தாயா என்று கத்தினார். இல்லை. தோன்றியிருந்தால் செய்திருப்பேன். அதையும் சொன்னேன். அந்த அப்பா போனில் குதிக்கிறாராம். கையை நான் அழிக்காவிட்டால் திங்கள் முதல் வர வேண்டாமாம். வேண்டாம்னா வேண்டாம்.

மார்ச் 16
மேசையைக் காலி செய்யப் போனேன். அந்த அம்மா தனியாக வந்தார், படத்தைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு. முதலாளி பதறி எழுந்து, கையை இப்போதே எடுத்துவிடலாம் என்றார்.

"கை இருக்கட்டும்" என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "மீதி இருக்காம்மா?"

பையைக் கீழே வைத்தேன். என் ஃபைலைத் திறந்து, அதில் 'பெரியவள்' முழுதாக இருப்பதைக் காட்டி, பிரிண்ட் போட மவுஸை அவர் கையில் கொடுத்தேன்.

மார்ச் 18
முதலாளி என்னை வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நானே போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் திரையில் ஒரு லேயருக்குப் பெயர்: 'மூக்கு'.