பிந்திக் கொடுத்த இலக்கம்

அன்பான வதனி மச்சாள்,

உங்கள் கட்டுரைக்கு இலக்கம் கிடைத்துவிட்டது. நீங்கள் கேட்ட காலத்தில் அல்ல, நீங்கள் எங்களை விட்டுப் போய் ஐந்து வருடங்களுக்குப் பிறகு. இதை நல்ல செய்தியாகச் சொல்ல எனக்கு முகமில்லை.

லாங்கன்தாலில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தபோதுதான் அதை எழுதினீர்கள். மறதி நோய் வந்த எங்கள் ஆட்கள், சுவிசுக்கு வந்து பழகிய கொஞ்ச டொச் எனும் ஜேர்மன் மொழியையும் மறந்து தமிழில் மட்டும் வலியைச் சொன்னார்கள். குத்துது, கடுக்குது, உளையுது, எரியுது என்று அவர்கள் வேறு வேறாகச் சொன்னதெல்லாம் நோயாளர் குறிப்பில் 'வலி' என்ற ஒரே சொல்லாகிவிடுகிறது என்று உங்களுக்குக் கோபம். வேலையால் வந்து, என் அண்ணை சமைக்க, நீங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து டொச்சிலேயே எழுதி முடித்தீர்கள். பராமரிப்பாளர் சங்கம் ஒன்று தன் இணையத்தளத்தில் போட்டது.

அந்த மேசையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டீர்கள்.

"நீர் சூரிச் நூலகத்தில கட்டுரையளுக்கு இலக்கம் குடுக்கிற வேலைதானே செய்யிறீர்? என்ரைக்கும் ஒண்டு போடுவீரோ?"

இணைய முகவரி மாறும், இந்த இலக்கம் மாறாது. கட்டுரை எங்கே இடம் மாறினாலும் இலக்கத்தை அழுத்தினால் அங்கே கொண்டுபோய் விடும் என்று முன்பு நான்தான் உங்களுக்குப் பெருமையாக விளங்கப்படுத்தியிருந்தேன்.

"அது எங்கட யூனிவர்சிற்றி ஆக்களின்ர கட்டுரையளுக்குத்தான் மச்சாள். பாப்பம்."

"ஓம், பறவாயில்லை," என்றீர்கள். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை மச்சாள்?

போன வருடம் நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியது அனுஷா, வில் நகர மருத்துவமனைத் தாதி, இங்கேயே பிறந்த பிள்ளை. ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பில் கண்ட கட்டுரையைத் தேடுகிறாளாம், முகவரியை அழுத்தினால் பக்கம் இல்லை என்று வருகிறதாம். கட்டுரைத் தலைப்பின் கீழே உங்கள் பெயர். நானும் அழுத்திப் பார்த்தேன். சங்கம் கலைந்திருந்தது. தளத்தின் முகவரியை யாரோ வாங்கித் திரைச்சீலை விற்கிறார்கள்.

அவளைத் தொலைபேசியில் எடுத்தேன். "எங்கட வார்டில ஒரு ஐயா ரெண்டு நாளா 'உளையுது' எண்டு சொல்லுறார். டொக்டருக்கு என்னெண்டு சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. எழுதினவவோட ஒருக்காக் கதைக்கேலுமோ, அக்கா?" என்றாள்.

நீங்கள் இல்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லை, உள்ளே விடாமல் இழுத்து நோகிறது என்று, நானே அவளுக்கு விளக்கினேன். உங்களைப்போல எனக்கு வரவில்லை.

உங்கள் கணினியை அண்ணை எப்போதோ எறிந்துவிட்டார். கடைசியில் இல்லத்தில் உங்களோடு வேலை செய்த ரூத்திடம் அச்செடுத்த பிரதி ஒன்று இருந்தது. தாதிகளின் அறைச் சுவரில் வருடக்கணக்காகத் தொங்கியதாம். கடைசி இரண்டு பக்கங்கள் இல்லை. மற்ற வலிச் சொற்களின் பட்டியல் அவற்றில்தான் இருந்தது.

இருந்ததைப் பதிய உரிமைப் படிவத்தில் அண்ணையின் கையெழுத்து வேண்டும். கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்துவிட்டுக் கேட்டார்: "அவ இருக்கேக்க உன்னட்டக் கேட்டவ எல்லே. அப்ப ஏன் செய்யேல்லை?"

"அப்ப விதி இல்லை, அண்ணை."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

விதி இருந்தது மச்சாள். வெளியாரின் கட்டுரையையும் எடுக்கலாம். சங்கத் தலைவர் ஒரு படிவத்தில் ஒப்பமிட்டு, என் மேலாளர் சம்மதித்தால் போதும். பட்டம் இல்லாத ஒரு பராமரிப்பாளரின் கட்டுரையை, அதுவும் என் வீட்டு ஆளுடையதை, அவர் மேசைக்குக் கொண்டுபோக எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். போன மாதம் அதே படிவத்தை, சங்கம் இல்லாததால் அண்ணையின் கையெழுத்தோடு, அவரிடம் நீட்டினேன். "இது ஏன் முதலே வரவில்லை?" என்று மட்டும் கேட்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

எழுதியவர்களுக்கும் இப்போது தனி இலக்கம் இருக்கிறது. ஆனால் அதை அவரவர்தான் கேட்டு எடுக்கவேண்டும். உங்களுக்காக நான் எடுக்க முடியாது.

பதிவில் 'கடைசி இரண்டு பக்கங்கள் கிடைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். சங்கத்தின் பழைய செயலாளருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், பதில் இல்லை. அனுஷாவுக்கு இலக்கத்தை அனுப்பினேன். வேலை செய்கிறது என்று எழுதியிருந்தாள்.

அது தானாக வேலை செய்வதில்லை. நூலகம் தளத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் யாராவது புதிய இடத்தைப் பதியவேண்டும். நான் இந்த வேலையில் இருக்கும்வரை உங்களுடையதை நானே பார்ப்பேன், போகும்போது அடுத்தவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன். ஆனால் அதற்கு முதல் ஒன்று. ஒரு தமிழ் இதழுக்குக் கொடுத்திருக்கும் இந்தக் கடிதம் அச்சில் வர முன்னம் லாங்கன்தாலுக்குப் போய், விதி இருந்தது என்று அண்ணையிடம் என் வாயாலேயே சொல்லுவேன்.

உங்களிடம் 'பாப்பம்' என்று சொன்ன
உங்கள் மச்சாள்,
சுகந்தி