பீரோவில் இருந்த இரண்டாவது ஃப்ளாப்பி

பாய்,

இன்று காலை செம்பூரில் ஒரு ரிப்பேர் கடைக்காரர் என் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார். உள்ள இருந்தது எதுவும் கிடைக்காது. வேற காப்பி இருக்கா?" என்றார். "இருக்கு. பொண்ணு வீட்டுல, புனேல" என்றேன். நான் சிரித்துக்கொண்டே சொன்னதைப் பார்த்து அவர் குழம்பிப் போனார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் உங்கள் நினைவு வந்தது. நீங்கள் போய் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இதை உங்களிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் பம்பாய் மாதுங்காவில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு நீங்கள் முதலில் வந்தது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை உங்களுக்கு. இரண்டாவது பிரசவத்தில் உங்கள் மனைவிக்கு ரத்தம் தேவைப்பட்டு, சயான் ஆஸ்பத்திரிக்கும் தாராவிக்கும் நடுவே ஒரு பகல் முழுக்க ஆள் தேடி ஓடியிருக்கிறீர்கள். அவர் பிழைத்து எழுந்ததும், இன்னொருவன் அப்படி ஓடக் கூடாது என்று ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர்களை எழுத ஆரம்பித்தீர்கள். நோட்டு மூன்றானது. "இதுல ஒரு ஆளத் தேடுறதுக்குள்ள நோயாளி போய்ச் சேந்துருவான் சார். உங்க பொட்டியில ஏத்தித் தருவீயளா?" என்று கேட்டீர்கள்.

அந்தப் பெட்டி நான் கடன்பட்டு வாங்கிய கம்ப்யூட்டர். ஹார்ட் டிஸ்க் கிடையாது. இரண்டு ஃப்ளாப்பி போடும் வாய் மட்டும். பெயர்களை ஏற்றும் வேலையை என் மகள் எடுத்துக்கொண்டாள். பத்து வயது; பள்ளி விட்டதும் நேரே இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்துவிடுவாள். ஆரம்பத்தில் அவள் ஃபைல்களுக்கு வைத்த பெயர்கள் 'புதுசு', 'புதுசு2', 'ரொம்பப்புதுசு'. எதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. திறந்து பார்க்காமலே உள்ளே இருப்பது தெரிய வேண்டும், அதுதான் பெயர் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு ரத்த வகைக்கும் ஒரு ஃபைல், ஒவ்வொரு வரியிலும் ஆள், இடம், கூப்பிட வேண்டிய போன். பாதிப் பேருக்குச் சொந்த போன் கிடையாது; பக்கத்துக் கடை நம்பர்தான். ஒரு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தரும் அளவுக்கு அடுக்கிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். எல்லாரும் ஆச்சரியப்படும் இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "இந்தத் தகடு கெட்டுப் போச்சின்னா?"

"பத்திரமா வெச்சிருந்தா கெடாது பாய்."

"எங்க பட்டறையில தோல வெட்டுற அளவு அட்டை ரெண்டு செட் வச்சிருக்கேம் சார். ஒண்ணு பட்டறையில, ஒண்ணு வீட்டுல. பட்டறையில தீப்பிடிச்சா வீட்டுல உள்ளத வச்சி மறுநாளே வேலை ஆரம்பிச்சிரலாம்லா?"

நான் பதில் சொன்ன விதத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. இது தோல் அட்டை இல்லை, தூசி பட்டால் போச்சு, காந்தம் பட்டால் போச்சு, இதைத் தெருவில் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது என்று வகுப்பு எடுத்தேன். மகளிடமும், "ஒரு ஃப்ளாப்பிகூட இந்த ரூமை விட்டு வெளியே போகப்படாது, தெரிஞ்சுதா?" என்று கண்டிப்பாகச் சொன்னேன். நீங்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அந்த ஜூலையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வழக்கம்போலத் தண்ணீர் நின்றது. வழக்கத்தை மீறி எங்கள் வாசற்படியும் முழுகியது. மறுநாள் காலை நானும் மகளும் கதவைத் திறந்தபோது, சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. மேஜை மேல் கம்ப்யூட்டரும், அதற்குள்ளேயே கிடந்த, அதைக் கிளப்பும் ஃப்ளாப்பியும் தப்பித்திருந்தன. கீழ் டிராயரில் ஃப்ளாப்பிப் பெட்டியும் உங்கள் மூன்று நோட்டுகளும் ஊறிக் கிடந்தன. நோட்டைப் பிரித்தால் நீல மைதான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. ஃப்ளாப்பி உறைக்குள்ளிருந்து சேறு வழிந்தது.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். காலில் செருப்பு இல்லை. மனைவிக்குப் பிரசவம், ரத்தம் நிற்கவில்லை, பி நெகட்டிவ் வேண்டும், இங்கே லிஸ்ட் இருப்பதாகச் சொன்னார்கள் என்று சீட்டை நீட்டினார். நீங்கள் ஊரில் இருந்தீர்கள், அக்கா மகள் கல்யாணத்துக்காக. நான் நோட்டின் ஒட்டிப்போன ஈரப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நீ திட்டப்படாது."

"என்னடி?"

"பாய் மாமா ஆத்துல இன்னொண்ணு இருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை காப்பி பண்ணிக் குடுப்பேன். மாமி பீரோவில வெச்சிருப்பா."

திட்டவில்லை, பாய். அந்த மனிதரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடினேன். டாக்சி எதுவும் நிற்கவில்லை. தாராவி வரை நடையும் ஓட்டமுமாகத்தான் போனோம். உங்கள் மனைவி மாடியறை பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஃப்ளாப்பியை எடுத்துக் கொடுத்தார். "இத யாரும் தொடக் கூடாதுன்னு அவுஹ சொல்லிட்டுப் போயிருக்காஹ. பிள்ளைகள அந்தப் பக்கமே விடல" என்றார்.

நாங்கள் திரும்பியபோது, ராத்திரி போன கரண்ட் வந்திருந்தது. ஃப்ளாப்பியைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது, கரகரவென்று சத்தம். மகள் கீபோர்டில் தட்டினாள். பி நெகட்டிவ் ஃபைல் திறந்தது. மூன்று பெயர்கள். முதலாமவர் ஊருக்குப் போயிருந்தார். இரண்டாவது நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது அம்பர்நாத் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர், முந்தின சனிக்கிழமைதான் நீங்கள் சேர்க்கச் சொன்ன பெயர். அவர் வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக் கடையில் போனை எடுத்தார்கள். "மேலதான் இருக்காரு, நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்குறாரு, இருங்க" என்றார்கள்.

அவர் ரயில் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர மதியம் ஆனது. சாயங்காலம் அந்தச் செருப்பில்லாத மனிதர் திரும்பி வந்து, "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சேறு காயாத படியிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் ஊரிலிருந்து வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் சங்கடப்பட்டீர்கள். "பாப்பாவப் பொய் சொல்லச் சொல்லல சார். நீங்க கேக்கல, அது சொல்லல, அவ்வளவுதான்" என்றீர்கள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தேன். என் வகுப்பில் ஒன்றும் தெரியாதவர் என்று நான் நினைத்த யாராவது கையைத் தூக்கினால், எழுதிக்கொண்டிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். அவர் கேட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.